பதினேழாம் தூணுக்குள் போன அலை

பதினேழாம் தூணுக்குள் காலை எட்டரை மணிக்கு அனுப்பிய அலை, பத்தொன்பது நாளும் ஏழு மணி நேரமும் கழித்து வெளியே வந்தது. தூணின் கனம் நானூற்று ஐம்பது மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் நின்ற மற்றப் பதினாறு தூண்களிலும் அந்த ஒரு முழத்தைக் கடக்க, ஒரு நொடியைப் பத்தாயிரம் துண்டாக்கினால் வரும் ஒரு துண்டு அலைக்குப் போதுமாயிருந்தது. பதினேழாம் தூண் மட்டும் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது. இடையில் ஒரு நாள் தூறல் விழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது.

சோதனை செய்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கான்கிரீட்டை உடைக்காமல், துளை போடாமல், காதுக்கு எட்டாத ஒலியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கி, உள்ளே வெடிப்பு இருக்கிறதா பொந்து இருக்கிறதா என்று சொல்வது அவர்கள் தொழில். மனைவி அனுப்பும் குமிழைத் தூணில் அழுத்திப் பிடிப்பாள், கணவர் எதிர்ப்பக்கத்தில் வாங்கும் குமிழைப் பிடிப்பார். நடுவில் எப்போதும் ஒரு தூண் இருக்கும். அதனால் பதினான்கு வருடத் திருமண வாழ்க்கையில் வேலை நாட்களில் இருவரும் முகம் பார்த்துக்கொண்டது சாப்பாட்டு வேளையில் மட்டும்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன் அவள் "அந்தப் பக்கம், ரெடியா?" என்று கேட்பாள். அவர் "ரெடி" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு எல்லோரும் அவரை அந்தப்பக்கத்தார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். பல் டாக்டரின் பதிவேட்டில்கூட அவர் பெயர் அப்படித்தான் இருந்தது. அவளைச் சோதனைக்காரி என்றார்கள். நாலு புள்ளி பூஜ்யம் ஏழை அவள் ஒருநாளும் நாலு என்று எழுதியவள் அல்ல. முட்டை வேக எத்தனை நொடி என்று கேட்டால் எந்த அளவு முட்டை என்று திருப்பிக் கேட்பாள்.

கட்டடத்துக்குத் தரைத்தளத்தையும் சேர்த்து ஐந்து மாடி, மாடிக்கு நாலு வீடு. சுவர்ப் பூச்சு அங்கங்கே விரிசல் விட்டதைப் பார்த்துவிட்டு நகரசபைப் பொறியாளர் சோதனைக்கு உத்தரவு போட்டிருந்தார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஓர் அட்டவணை இருந்தது. அலை நொடிக்கு மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கான்கிரீட் நல்லது. மூன்றுக்குக் கீழே ஓடினால் சந்தேகத்துக்குரியது. தரைத்தளத்தில் ஒரு தூண் சந்தேகத்துக்குரியதாக இருந்தாலும் இருபது குடும்பமும் ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும், பிறகு கட்டடத்தை இடிக்க வேண்டும். அறிக்கை தர இருபது நாள் தவணை. இருபதாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் வராத அறிக்கையும் சந்தேகத்துக்குரியதே என்று உத்தரவின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது.

தவணையின் முதல் நாளே, காலை எட்டு மணிக்குள், பதினாறு தூண்களும் நல்ல பெயர் வாங்கிவிட்டன. கடைசித் தூண் ஒரு தையல்காரம்மாவின் முன்னறைக்கு நடுவில் நின்றது. இருபத்திரண்டு வருடமாக அவர் அதில் அளவு நாடாக்களைத் தொங்கவிட்டும், தைத்து முடிக்காத கோட்டுகளைச் சாய்த்து வைத்தும் பிழைத்து வந்தார். அந்த வீட்டு வாசல்தான் அவர் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம். சோதனைக்காரி தூணில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கிரீஸ் தடவி, குமிழை வைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டு, வழக்கமான பதிலை வாங்கி, பொத்தானை அழுத்தினாள். அலையின் நேரத்தைக் கணக்கிடும் பெட்டியில் எண்கள் ஓடத் தொடங்கின. கடைசிவரை ஓடிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தையல்காரம்மாவிடம் சுவர்க் கடிகாரத்தையும், அரைமணி கழித்து நாட்காட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

விட்ட அலை வெளியே வரும்வரை வாங்கும் குமிழை எடுக்கக் கூடாது. அவர்கள் தொழிலில் இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அதுவரை யாருக்கும் கண் சிமிட்டும் நேரத்துக்கு மேல் பிடிக்க வேண்டி வரவில்லை. எடுத்துவிட்டால் அலை வந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது, சந்தேகத்துக்குரியது என்றுதான் எழுத வேண்டும். உள்ளே ஓர் அலை இருக்கும்போது இன்னோர் அலையை விட்டால் எது எதுவென்று தெரியாது. கை மாற்றிக்கொள்ளலாம் என்றால், படிவத்தில் 'வாங்கியவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். ஆகவே அந்தப்பக்கத்தார் பிடித்தபடி நின்றார். முதல் நாள் சாயங்காலம் அவர் மனைவியிடம் கேட்டது ஒன்றுதான், வீட்டுக் குழாயை மூடிவிட்டு வந்தோமா என்று.

மூன்றாம் நாள் கிரீஸ் காய்ந்தது. தையல்காரம்மா தன் மெஷினுக்கு எண்ணெய் விடும் நீண்ட மூக்குக் குப்பியால் மணிக்கு ஒரு சொட்டு குமிழின் விளிம்பில் விட்டார். பெட்டி அணையாமல் இருக்க மெஷினின் மின்சார இணைப்பைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தார். அந்தப்பக்கத்தார் சாய்ந்து தூங்குவதற்காகக் கான்வாஸ் துணியில் ஒரு தூளி தைத்துத் தூணைச் சுற்றிக் கட்டினார். அதற்காகத் தூணின் இடுப்பளவை எடுத்து, வாடிக்கையாளர் நோட்டில் தூண் என்று எழுதி வைத்தார். குளியலறைத் தேவைகளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டவர்களுக்கு, ஒரு திரையும் ஒரு வாளியும் போதும் என்று சுருக்கமாகச் சொல்லப்பட்டது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அவரைப் பொம்மை என்று நினைத்துத் தோளில் கோட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். சும்மா இருந்த இடது கையால் அவர் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் எல்லாம் கெட்டுப்போக இருந்தது. அந்தப்பக்கத்தாரின் சட்டை நைந்துவிட்டதே என்று புதிதாக ஒன்று தைக்க தையல்காரம்மா நாடாவை எடுத்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"கையைத் தூக்குங்க தம்பி."

அளவெடுப்பவர் சொன்னால் யாருக்கும் கை தானாகத்தான் உயரும். அவருடைய இரண்டு கைகளும் புறப்பட்டன. தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சோதனைக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் "அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னாள். அவர் "ரெடி" என்றார். பதினான்கு வருடப் பழக்கம் இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஜெயித்து, வலது கை இருந்த இடத்திலேயே நின்றது. தையல்காரம்மா நாடாவை வாயில் கவ்விக்கொண்டு அழுதார். பிறகு கண்ணளவிலேயே சட்டை தைத்தார். சட்டையின் வலது கையை மட்டும் பக்கவாட்டில் பொத்தான் போட்டு மாட்டும்படி வைத்தார்.

மேல் வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து சோதனைக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, மற்ற பதினாறும் நாலு புள்ளி இரண்டுதானே, இதற்கும் அதையே எழுதிவிட்டால் ஐயாவும் உட்காரலாம், நாங்களும் இருக்கலாம் என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால், "நான் எழுதினா அது என் வேகம். தூணோட வேகம் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸ் கட்டத்தைத் துடைத்து இன்னும் நேராகப் போட்டாள்.

மறுநாள் பொறியாளர் வந்தார். கெட்டவர் அல்ல. அட்டவணையை நகலெடுத்துச் சட்டைப் பையில் வைத்திருப்பவர். நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார். இதற்குள் பத்து நாள் ஆயிற்று. இப்போதே வெளியே வந்தாலும் அந்த அலையின் வேகம் மணிக்கு இரண்டு மில்லிமீட்டரைத் தொடாது. தவணை முடிவில் வந்தால் மணிக்கு ஒன்றுதான். ஜன்னலில் இருந்த தொட்டிச் செடியைக் காட்டி, அதுவே இதைவிட வேகமாகப் போகிறது என்றார்.

"பதிலே சொல்லத் தெரியாத தூணை நம்பி இருபது குடும்பத்தை மேல உட்கார வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

தூளிக்குள்ளிருந்து அந்தப்பக்கத்தார் சொன்னார்: "சார், என் பொண்டாட்டி ஒண்ணு கேட்டா நான் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பதில் சொல்வேன். நான் நல்லாத்தானே நிக்கிறேன்?"

பொறியாளர் அட்டவணையை எடுத்துப் பார்த்தார். அதில் கணவர்களுக்கு இடமில்லை. தவணை தவணைதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் புகார் சொல்ல இறங்கி வந்தார். பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவர் வேலை. வீட்டில் இசைக்கவைகள், நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண் பொறித்தவை, ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். கடந்த பத்து நாளாகக் கட்டடத்தின் ஏதாவது ஒரு வீட்டுச் சுவர் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். முதலில் தையல்காரம்மா வீட்டுத் தூண், பிறகு பக்கத்து வீடு, பிறகு அதற்கடுத்த வீடு. தண்ணீர்க் குழாயில் காற்று என்று நினைத்து யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இவருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"உங்க அலை நேத்திலேர்ந்து எங்க வீட்டுத் தூண்ல இருக்கு. எழுநூறு பாட வேண்டியது அறுநூத்தித் தொண்ணூத்தாறு பாடுது. ஒண்ணு சரியாப் பாடச் சொல்லுங்க, இல்ல கூட்டிட்டுப் போங்க."

எழுநூறு என்றால் என்ன என்று சோதனைக்காரி கேட்டாள். நொடிக்கு எழுநூறு தடவை போய்வருகிறது என்று அர்த்தம் என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு. அவள் எழுந்து நின்றாள். பத்து நாளில் முதல் முறையாகத் தூணைச் சுற்றி வந்து கணவர் முகத்தைப் பார்த்தாள். பத்து நாளாக எல்லோரும் நேரத்தைச் சந்தேகப்பட்டார்கள், தூணைச் சந்தேகப்பட்டார்கள், ஒருவரும் தூரத்தைச் சந்தேகப்படவில்லை. குமிழுக்குக் குமிழ் ஒரு முழம் என்பது அவர்கள் தொழிலில் கை தானாக எழுதிவிடும் எண். நேராக வந்தால்தான் ஒரு முழம். வழியில் எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டு வருகிறவரிடம் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறாய் என்று கேட்க முடியாது. எத்தனை தூரம் சுற்றினாய் என்று கேட்க வேண்டும்.

அதன்பிறகு வேலை எளிதாயிற்று. சுருதி கூட்டுபவர் கவையைத் தட்டிச் சுவரோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்வார், சோதனைக்காரி நாடா வைத்துத் தூணின் நீளத்தை அளப்பாள். மூன்று மீட்டர் ஏற்றம், மூன்று மீட்டர் இறக்கம், நொடிக்கு எழுநூறு தடவை என்றால் நாலாயிரத்து இருநூறு மீட்டர். அந்த வீட்டில் அது எத்தனை நேரம் தங்கியதோ அத்தனை நொடியால் பெருக்கினால் அங்கே அது நடந்த தூரம். முந்தைய வீடுகளின் சுரங்களைச் சுருதி கூட்டுபவர் தலையைச் சொறியாமலே சொன்னார், எரிச்சலூட்டிய சுரத்தை அவர் மறப்பதில்லை. வேறு சில தூண்களில் வேகம் நாலரைக்கு மேல் வந்தது, மூன்றாம் மாடிக் குளியலறைச் சுவரில் மூன்று புள்ளி ஆறுதான் வந்தது. அதையும் அவள் அப்படியே எழுதினாள். அலைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குணம். சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டிருந்த வீட்டை விட்டு இரண்டே மணி நேரத்தில் கிளம்பியது. பூட்டியிருந்த வீட்டில் அரைமணி நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. இரட்டைக் குழந்தைகள் இருந்த வீட்டில் ஒன்றரை நாள் தங்கியது. மக்கள் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ளத் தொடங்கினார்கள். தன் வீட்டில் அலை அதிகம் தங்கவில்லை என்பது மரியாதைக் குறைவாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் வெட்கப்பட்டுச் சமாதானம் ஆகிப் பார்த்தார்கள், அது திரும்பி வரவில்லை.

பதினெட்டாம் நாள் காலை அது ஐந்தாம் மாடியின் கடைசி வீட்டுக்குள் போயிற்று. அங்கே பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தனியாக இருந்தார். மனைவி போன நாளிலிருந்து ஒன்பது வருடமாக அவர் தூங்கியதில்லை. மற்றவர்கள் இதை ஒரு வசதியாகவே வைத்திருந்தார்கள். எந்த நேரத்திலும் கதவைத் தட்டிச் சாவி வாங்கலாம், காய்ச்சல் குழந்தைக்கு எத்தனை மணிக்கு மருந்து என்று அவரிடம் சொல்லி வைக்கலாம். அலை அவர் படுக்கையறைத் தூணில் முனகத் தொடங்கிய நாலாம் நிமிடத்தில், கையில் பேப்பரோடு நாற்காலியில் அவர் தூங்கிப்போனார். சுருதி கூட்டுபவர் வந்து கேட்டுவிட்டு, குறட்டை அலையின் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது, நாலு அதிர்வுகூடக் குறையவில்லை என்று தலைகுனிந்து சொன்னார். நேரக்காப்பாளர் தூங்கினார், அலை இருந்தது. பத்தொன்பதாம் நாளும் தூங்கினார், அலையும் நகரவில்லை. இருபதாம் நாள் மதியம் ஆயிற்று. கீழே அந்தப்பக்கத்தாரின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் போகாமல் நின்றன. அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும்.

மாடிப்படி முழுக்கக் கட்டடத்து ஆட்கள். தட்டி எழுப்பினால் குறட்டை நிற்கும், குறட்டை நின்றால் அலை கிளம்பிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் தட்டுவது என்பதுதான் பிரச்சினை. அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி அண்ணனைப் பார்த்தான். சோதனைக்காரி கையை ஓங்கிக்கொண்டு கதவருகே போனாள். தையல்காரம்மா அவள் முழங்கையைப் பிடித்தார்.

"வீடு போனா நான் எங்கயாவது ஒரு மூலையில மெஷினைப் போட்டுக்குவேன். ஒன்பது வருஷத்துத் தூக்கத்தை அவர் எங்க போய்த் தேடுவாரு?"

மற்ற வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் இதை ஏற்கவில்லை. தூங்குவதற்கும் ஒரு வீடு வேண்டுமே என்றார்கள். இரண்டு பேச்சும் சரியாக இருந்ததால் சோதனைக்காரி படியில் உட்கார்ந்தாள். மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் தட்டாமல், அவர் வீட்டின் மாற்றுச் சாவி அண்டை வீட்டில் இருந்ததை வாங்கித் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தூணில் வாயை வைத்து அலையிடமே பேசினாள்.

"போதும், கிளம்பு. கீழ ஒருத்தர் இருபது நாளா உனக்காக நிக்கிறார். அடுத்த வருஷம், உன்னை அனுப்பின அதே தேதி, அதே எட்டரைக்கு, மறுபடி அனுப்புறேன்."

அவள் சொன்ன எண்களை அதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. முனகல் கொஞ்சம் தாழ்ந்தது, தூண் வழியாகக் கீழே இறங்கியது. நாலாம் மாடி, மூன்றாம் மாடி என்று படியில் நின்றவர்கள் சுவரில் உள்ளங்கை வைத்து அதை வழியனுப்பினார்கள். சரியாக மூன்றரைக்கு அந்தப்பக்கத்தாரின் கைக்கடியில் குமிழ் அதிர்ந்தது, பெட்டி ஒரு 'டிக்' போட்டு நின்றது. "வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அவர் கையை எடுத்து, வெகு நாள் கழித்துப் பார்க்கும் உறவுக்காரரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். சோதனைக்காரி படியிறங்கி வந்ததும் பெட்டியை அளவு பார்க்கும் இரும்புக் கட்டையில் வைத்துப் பார்த்தாள். கட்டையில் பொறித்திருந்த எண்ணையே பெட்டி சொன்னது, பழுதில்லை. மேலே நேரக்காப்பாளர் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் விடிந்துதான் எழுந்தார், எழுந்ததும் எல்லாக் கடிகாரமும் தப்பாக ஓடுவதாக அக்கம்பக்கத்தில் சண்டை போட்டார்.

நாலு மணி ஐம்பது நிமிடத்துக்கு அறிக்கை பொறியாளர் மேசைக்குப் போயிற்று. எடுத்துக்கொண்ட நேரம் நானூற்று அறுபத்து மூன்று மணி. நடந்த தூரம் எழுபது லட்சத்து ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர். தூரத்தை மில்லிமீட்டரில் எழுத வேண்டிய கட்டம் நாலு இலக்கத்துக்குத்தான் இடம் கொடுத்தது, ஆகவே குமாஸ்தா ஒரு காகிதத் துண்டை ஒட்டினார், அது கோப்புக்கு வெளியே வால்போல நீட்டிக்கொண்டிருந்தது. பொறியாளர் பெருக்கலை மூன்று தடவை சரிபார்த்தார். வகுத்தால் சராசரி வேகம் நொடிக்கு நாலு புள்ளி இரண்டு கிலோமீட்டர். அட்டவணையைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவி முன்னும் பின்னும் படித்தார். "இதுல வேகத்தைத்தான் கேட்டிருக்கு. எந்த வழியா வந்ததுன்னு கேக்கல" என்று சொல்லிவிட்டு, 'நல்லது' என்று முத்திரை குத்தினார். அப்போது ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. கட்டடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும். அந்தக் கட்டடத்துக்கு மட்டும் வருடா வருடம் அறிக்கை போகிறது. அதே தேதியில், காலை எட்டரைக்கு, கணவனும் மனைவியும் வந்து அலையை அனுப்புகிறார்கள். அந்தப்பக்கத்தாருக்கு இப்போது சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். அவர் விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்று தூணின் எண்ணை மட்டும் எழுதுகிறார். பதினெட்டாம் நாள் காலை அலை ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்கிறது. அந்த இரண்டரை நாளும் கட்டடத்தில் அம்மி கொத்துவது முதல் ஆணி அடிப்பதுவரை எதுவும் நடப்பதில்லை, குழந்தைகள் சைகையில் சண்டை போடுகிறார்கள், மாடிப்படியில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். போன வருடம் பொறியாளர் நேரில் பார்வையிட வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து மாடியும் காலுறையோடு ஏறி, கடைசி வீட்டுக் கதவில் காது வைத்துக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.